பினாங்கில் சிவப்பு கோஜி, கறுப்பு கோஜி, ஒரு கட்டுக் கீரை

ஜார்ஜ்டவுனில் சௌராஸ்தா சந்தைக்கு ஜாதிக்காய் ஊறுகாய் வாங்கத்தான் அத்தை கூட்டிப்போனார். கீரை விற்கும் சீனப் பாட்டியிடம் முள்ளும் இலையுமாகக் கட்டுக் கட்டாகக் குச்சிகள் கிடந்தன. "இதுதான்டா கௌ கெய். சூப்புல சிவப்பா மிதக்குமே, அந்தப் பழத்தோட கீரை" என்று ஒரு கட்டைக் கூடையில் போட்டுக்கொண்டார் அத்தை.

செடிப் பைத்தியம் பிடித்த எனக்கு அதற்கப்புறம் ஊறுகாய் ஞாபகமே இல்லை. அத்தை சொன்ன சிவப்புப் பழம்தான் கோஜி. கடையில் காய்ந்து கிடப்பது பெரும்பாலும் லைசியம் பார்பாரம் என்ற இனம். வடமேற்குச் சீனாவில், டெங்கர் பாலைவனத்தை ஒட்டிய நிங்சியாவில், மஞ்சள் ஆற்றுத் தண்ணீரில் விளைவது. சீன அரசின் மருந்து நூலும் பழத்துக்கு இந்த ஒரு இனத்தைத்தான் ஏற்கிறது. கீரைக்காக வளர்ப்பதோ பெரும்பாலும் அதன் தங்கை லைசியம் சைனென்ஸ். இரண்டும் கத்தரி, தக்காளி, மணத்தக்காளி எல்லாம் இருக்கும் அதே குடும்பம்தான். ஆக, அத்தையின் சூப்புச் சட்டியில் அக்காவின் பழமும் தங்கையின் இலையும் சேர்ந்து கொதிக்கின்றன.

பூ மட்டும் கையில் கிடைத்தால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். இரண்டிலும் ஊதாப் பூதான். பார்பாரத்தில் புல்லிவட்டம், அதாவது பூவின் அடியில் இருக்கும் பச்சைக் கிண்ணம், பெரும்பாலும் இரண்டாகப் பிளந்திருக்கும். பூவின் குழல் இதழ்மடல்களைவிட நீளம். மடல் ஓரம் ஏறக்குறைய மொழுமொழு. சைனென்ஸில் புல்லிவட்டம் மூன்று முதல் ஐந்து பிளவு, குழல் குட்டை, மடல் ஓரத்தில் மென்முடி. சந்தைக் குச்சியில் பூ ஏது? இலையை வைத்துத்தான் பேசியாக வேண்டும். எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குத் திரும்பும் ஃபெர்ரியிலேயே கட்டைப் பிரித்துப் பார்த்தேன். நடுவில் அகன்று நுனியில் குறுகிய இலைகள், இலைக்கக்கத்தில் ஊசி முள். சைனென்ஸ் என்றுதான் சொல்வேன். பார்பாரத்தின் இலை ஈட்டிபோல ஒடுக்கமாக இருக்கும். ஆனால் இலை ஏமாற்றும். ஒரே செடியில் இளங்கிளையில் ஒரு மாதிரியும் முதிர்ந்த கிளையில் வேறு மாதிரியும் வரும் என்பதால் இதன்மேல் பந்தயம் கட்டமாட்டேன்.

காய்ந்த பழத்தில் இனம் பிரிப்பது அதைவிடப் பாடு. ஊறவைத்துக் கீறினால் மிளகாய் விதை மாதிரி தட்டையான விதைகள் வரும். பார்பாரத்தில் சுமார் 2 மில்லிமீட்டர், சைனென்ஸில் இரண்டரை முதல் 3. அளவுகோல் இல்லாமல் இதைச் சொல்பவரை நம்பாதீர்கள். சாயம் ஏற்றிய பழத்தைப் பிடிப்பது சுலபம்: காம்பு இருந்த இடத்தில் வெளிறிய புள்ளி இருக்க வேண்டும். அதுவும் செக்கச்செவேல் என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மறுநாள் ஒரு சீன மருந்துக் கடையில்தான் உண்மையான வேடிக்கை. கறுப்பு கோஜி, அதாவது லைசியம் ருதெனிகம். சீனாவின் சிங்காய், சின்ஜியாங் பக்கத்து உப்புப் பாலையில் வளரும் வெள்ளைத் தண்டு முள்செடி. இலை சதைப்பற்றாக, ஊசிபோல. அந்தக் கடையில் விலை சிவப்பைவிடப் பல மடங்கு. கடைக்காரர் கண்ணாடிக் கோப்பையில் பச்சைத் தண்ணீர் ஊற்றி நாலு பழம் போட்டார். ஊதா நூல் நூலாக இறங்கியது. எலுமிச்சை பிழிந்ததும் இளஞ்சிவப்பு. "ஒரிஜினல், பாரு தம்பி!" என்று அரைகுறைத் தமிழில் ஒரே பெருமை.

அத்தை அசரவில்லை. "இங்குள்ள சீனர்களோட நோன்யா பலகாரத்துக்குப் போடுற சங்குப்பூவும் இதேதானே பண்ணும்?"

அதேதான். நிறம் மாறுவது ஆந்தோசயனின் என்ற நிறமி செய்யும் வேலை. அது இருக்கும் எதுவும் இந்த வித்தையைக் காட்டும். கறுப்பு கோஜி என்று தள்ளிவிடப்படும் நைட்ரேரியா என்ற இன்னொரு பாலைப் புதரின் பழத்திலும் அது தாராளமாக உண்டு. கோஜிக்கு அது உறவே கிடையாது, வேறு குடும்பம். காட்டிக்கொடுப்பது உள்ளே இருப்பதுதான்: நைட்ரேரியாவில் ஒற்றைக் கொட்டை, கறுப்பு கோஜியில் பொடிப்பொடியாகப் பல விதைகள். கோப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்தேன். விதைகள் விரலெல்லாம் ஒட்டின. சரக்கு சரிதான், கடைக்காரர் காட்டிய சாட்சிதான் தப்பு. விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் சிவப்பையே வாங்கினோம்.

கீரையை அத்தை நெத்திலி போட்டுக் கொதிக்கவைத்து, முட்டை உடைத்து ஊற்றி, கடைசியில் ஒரு கைப்பிடி சிவப்புப் பழம் தூவினார். இலையில் லேசான கசப்பு, பழம் கடிபடும் இடத்தில் தித்திப்பு. முள்ளில் குத்துப்படாமல் ஆய்வதுதான் வேலை. அது என் தலையில் விழுந்தது. ஆய்ந்த குச்சியைத் தொட்டியில் செருகினால் துளிர்க்கும் என்று அத்தை இரண்டைத் தனியே எடுத்துவைத்தார்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கோஜியைத் தினப்படி ஆக்கிக்கொள்ள வேண்டாம். இதனால் மருந்தின் வேகம் கூடிப்போனவர்கள் உண்டு.