எதிர்காற்றில் 92 கிலோமீட்டர்: சைக்கிள் பயண நாட்குறிப்பு

10 பிப்ரவரி, செவ்வாய், இரவு

நாளைய தூரம் 92 கிலோமீட்டர். முழுக்கத் திறந்த சமவெளி. இடையில் ஊர் இல்லை, மரம் இல்லை, தண்ணீர் கிடைக்கும் இடமும் இல்லை. ஆளுக்கு ஆறு லிட்டர் நிரப்பிக்கொண்டோம். அதாவது வண்டியில் ஆறு கிலோ கூடுதல் சுமை. அதை முன்சக்கரத்தின் இருபுறமும் பிரித்து, முடிந்தவரை தாழ்வாகக் கட்டினேன். பாரம் உயரத்தில் இருந்தால் பக்கக்காற்று அடிக்கும்போது ஹேண்டில்பார் கையில் நிற்காது.

மேற்கிலிருந்து மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் காற்று வீசும் என்று வானிலை அறிவிப்பு சொல்கிறது. நாங்கள் போவதும் மேற்கே. விடியுமுன் புறப்பட்டுவிட வேண்டும் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். இரவில் தரை குளிரும்போது அதையொட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்துப் படிந்துவிடுகிறது. மேலே ஓடும் வேகக்காற்று அதைத் தாண்டிக் கீழே இறங்குவதில்லை. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் இரண்டும் கலந்து, காற்று தரைமட்டத்துக்கு வருகிறது. சமவெளியில் சைக்கிளுக்கென்று வாய்த்த நேரம் அதிகாலைதான்.

11 பிப்ரவரி, புதன்

காலை 4.40. புறப்பட்டோம். காற்று அசையவில்லை. விளக்கு வெளிச்சத்தில் சாலையோரத்து வெள்ளைக் கோடு மட்டும் தெரிகிறது. செயின் ஓடும் ஓசை இவ்வளவு தெளிவாகக் கேட்பது இந்த நேரத்தில் மட்டுமே.

காலை 7.30. 41 கி.மீ. முடிந்தது. சாலையோரப் புல் எல்லாம் எங்களை நோக்கிச் சாய ஆரம்பித்துவிட்டது. நினைத்ததைவிட ஒரு மணி நேரம் முந்திவிட்டது காற்று.

காலை 9.20. வேகம் மணிக்கு 9 கி.மீ.க்கு இறங்கிவிட்டது. காதுக்குள் இடைவிடாத இரைச்சல். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்பதில்லை. நின்றபோது தம்பி சொன்னார்: "ஏற்றம் என்றால் உச்சி கண்ணுக்குத் தெரியும் அண்ணா, ஏறிய பிறகு இறக்கமும் உண்டு. இது எங்கே முடியும் என்றே தெரியவில்லையே." அவர் சொன்னது அத்தனையும் உண்மை. மலை வாங்கியதைத் திருப்பித் தந்துவிடும். எதிர்காற்று எதையும் திருப்பித் தருவதில்லை.

ஆனால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதை மதித்து நடந்தால் பிழைத்துக்கொள்ளலாம். மணிக்கு 25 கி.மீ. காற்றுக்கு எதிராக 15 கி.மீ. வேகத்தில் போனால், உடம்பில் மோதும் காற்று 40 கி.மீ. வேகத்தில் வருகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், காற்றில்லாத நாளில் அதே வேகத்தில் போவதைவிட ஏழு மடங்கு தடை. அதே காற்றில் வேகத்தை 10 கி.மீ.க்குக் குறைத்தால், காற்றைக் கிழிக்க நொடிதோறும் செலவாகும் உழைப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு வேகத்தை விட்டுக்கொடுத்தால் பாதி உழைப்பு மிச்சம்! இதைவிட லாபமான பேரம் சாலையில் வேறு கிடையாது. எனவே வேகமானியின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டினேன், தம்பியின் வண்டியிலும் ஒட்டினேன். இனி அளவுகோல் மூச்சு மட்டுமே. ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற அளவுக்கு மூச்சு இருந்தால் சரி, இல்லையென்றால் கியரைக் குறைக்க வேண்டும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று முன்னால் மாறி மாறிப் போகிறோம். முன்னால் போகிறவர் காற்றைத் தடுப்பதால், பின்னால் ஒட்டி வருபவருக்குக் கால்கள் உடனே இலேசாகிவிடுவது நன்றாகத் தெரிகிறது. சுமை வண்டிகள் சட்டென்று நிற்காது என்பதால் ஒரு சக்கர நீளத்துக்கும் கூடுதலாகவே இடைவெளி விடுகிறோம்.

காலை 11.20. "டிங்" என்று ஓர் ஒலி. இந்த இரைச்சலையும் மீறிக் கேட்டது. பின்சக்கரம் கோட்டம் விழுந்து பிரேக் கட்டையில் உரசத் தொடங்கியது. செயின் பக்கத்து ஸ்போக்ஸ் கம்பி ஒன்று, ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், வளைந்து நுழையும் கழுத்திலேயே அறுந்திருக்கிறது. சுமை அதிகம் விழுவது பின்சக்கரத்தில். அதிலும் செயின் பக்கக் கம்பிகள்தான் அதிக இறுக்கத்தில் இருக்கின்றன. நெடும்பயணத்தில் பெரும்பாலும் அறுவது இந்தக் கம்பிகள்தான்.

நல்ல வேளையாக நூறு மீட்டர் தொலைவில் சாலைக்கு அடியில் ஒரு சிறுபாலம் இருந்தது. வானம் தெளிவாக இருந்ததால், திடீர் வெள்ளம் வராது என்ற தைரியத்தில் இரண்டு வண்டிகளையும் அதற்குள் இறக்கினோம். காலையிலிருந்து பார்த்த முதல் நிழல். முறைப்படி செய்வதென்றால் பின்பக்கப் பல்சக்கரங்களைக் கழற்றிவிட்டுத்தான் புதுக்கம்பி கோக்க வேண்டும். இந்தப் புழுதியில் அதைப் பிரிக்க மனம் வரவில்லை. இதற்காகவே பையில் வைத்திருக்கும் கெவ்லார் என்ற உறுதியான செயற்கை இழைக் கயிற்றை எடுத்தேன். கயிறு வளையும் என்பதால் பல்சக்கரங்களைக் கழற்றாமலே ஹப்பின் துளைக்குள் நுழைத்துவிடலாம். மறுமுனையை நிப்பிளில், அதாவது கம்பியை ரிம்மோடு பிணைக்கும் சிறு திருகில் பூட்டி, அதற்கான சாவியால் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கினேன். ஒவ்வொரு முறையும் சக்கரத்தைச் சுழற்றி, ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் இடையிலுள்ள வெளிச்சக் கீற்றைப் பார்த்தேன். ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கிய கீற்று, மெல்ல மெல்லச் சமமாகியது. தம்பி சக்கரத்தைப் பிடித்தபடி ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இதைப் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் கற்க முடியும்.

பகல் 12.30. மீண்டும் சாலை. இன்னும் 26 கி.மீ. உடம்பில் வியர்வையே இல்லை என்று தோன்றுகிறது. அது உண்மையல்ல. வறண்ட காற்று, வழியுமுன்பே உறிஞ்சிவிடுகிறது. தம்பியின் சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் சிறு மடக்குகளாகக் குடிக்கிறோம். உப்பும் சேர்க்கிறோம். வெறும் தண்ணீரையே மிதமிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் ஆபத்தாகிவிடும். உணவும் அப்படித்தான்: அரை மணிக்கு ஒருமுறை, பசிக்கு முன்பே, கொஞ்சமாக.

பிற்பகல் 2.45. தம்பி நின்றுவிட்டார். கண்கள் சிவந்திருந்தன. "முடியவில்லை அண்ணா" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு வண்டிகளையும் சாய்த்துப் போட்டு அவற்றின் மறைவில் உட்கார்ந்தோம். இருபது நிமிடம் கழித்து அவரே எழுந்தார். அந்தக் கணத்தில் அவரை நினைத்து எனக்கு உண்டான பெருமையை எழுதிக்காட்டத் தெரியவில்லை.

மாலை 4.50. சேர்ந்துவிட்டோம்.

12 பிப்ரவரி, வியாழன்

ஓய்வு. தொடை வலி எதிர்பார்த்ததுதான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயிருப்பதுதான் தொந்தரவு. பையின் ஜிப்பைக்கூடக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டுமே இழுக்க முடிகிறது. காற்றுக்குக் குனிந்தபடி ஹேண்டில்பாரில் நாள் முழுக்கச் சாய்ந்திருந்ததால், உள்ளங்கை ஓரமாக ஓடும் நரம்பு நசுங்கியிருக்கிறது. கையுறைக்குள் மெத்தை இருந்தாலும், பிடியை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் மருந்து.

மதியம் பல்சக்கரங்களைக் கழற்றிப் புதுக்கம்பி கோத்தேன். கயிறு 26 கி.மீ. சுமந்தும் தளரவில்லை. அதைச் சுருட்டிப் பைக்குள் பத்திரப்படுத்தினேன்.

வேலை செய்துகொண்டே ஆர்தர் ரிச்சர்ட்சனைப் பற்றித் தம்பியிடம் சொன்னேன். 1896இல் ஆஸ்திரேலியாவின் கூல்கார்டியிலிருந்து நல்லர்பார் சமவெளியைக் கடந்து, அடிலெய்டு வரை 31 நாளில் சைக்கிளில் போனவர். ஒரு சிறு மூட்டையும் ஒரு தண்ணீர்ப் பையும்தான் உடைமை. வழிகாட்டி, தந்திக் கம்பிகள். நேற்று எங்களுக்குக் காலடியில் தார்ச்சாலை இருந்தது, கை எட்டும் தூரத்தில் ஒரு துணை இருந்தது. அந்த மனிதர் இவை இரண்டும் இல்லாமல் அந்த வெளியைக் கடந்திருக்கிறார் என்பதை முன்பு தகவலாக மட்டுமே அறிந்திருந்தேன். நேற்றைக்குப் பிறகு அவர் மேல் உள்ள மரியாதை வேறு மாதிரி ஆகிவிட்டது.

காற்று நாளை தெற்கிலிருந்து வீசும் என்கிறது அறிவிப்பு. எங்களுக்கு இடப்பக்கக் காற்று. ஒருவர் பின் ஒருவராகப் போனால் பயனில்லை, சற்று வலப்பக்கமாக விலகி வர வேண்டும். சாலையில் லாரிகள் வந்தால் அது முடியாது. நெரிசல் குறைந்த முதல் 30 கி.மீ.யில் மட்டும் அப்படிப் போவது என்று முடிவு செய்திருக்கிறோம். வேகமானியின் மேலுள்ள டேப்பை எடுக்க வேண்டாம் என்கிறார் தம்பி.