அடித்துவிட்ட வரி

அந்த வரியை நான் பென்சிலால்தான் அடித்தேன். பேனாவால் அடித்திருந்தால் இன்று வாசிக்க முடியாமல் போயிருக்கும். அது எனக்கு நல்லதாகவும் இருந்திருக்கலாம். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை யாரிடம் விடுவது என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போக வேண்டிய சமூக விசாரணை அறிக்கையின் கைப்பிரதி அது. "வீட்டிலிருந்து இறங்கி வரும்போது எனக்கு அச்சமாக இருந்தது" என்று எங்கள் களப்பணியாளர் எழுதியிருந்தார். பணியில் சேர்ந்து ஒரு வருடம் ஆகாதவர். விளவங்கோடு பக்கத்துப் பெண். மேசைக்கு எதிரே நின்றுகொண்டே, "சத்தியமா பேடியா இருந்துக்கா" என்றார். பேடி என்றால் எங்கள் பக்கத்தில் பயம். நான் தலை நிமிராமல், "பேடி ஒனக்கு, மக்ளே. பிள்ளைக்கு என்னன்னு எழுது" என்றேன். அவர் தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அரை நிமிடத்துக்குள் முடிந்த பேச்சு.

ஏழு வயதுப் பெண்குழந்தை. இரண்டு முன்கைகளிலும் கருத்து, ஓரம் உரிந்த புண்கள். ஆசிரியை குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்துச் சொன்னார். தாய் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போகிறவர். இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கறை புதிதல்ல. கொல்லாங்கொட்டை என்கிற முந்திரிக்கொட்டையின் தோட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் பொள்ளிக் கருத்துப்போகும் என்பதால், உடைக்கிற பெண்கள் விரல்களில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவார்கள். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரத்தின் கொட்டையைப் பிள்ளை தானே சுட்டபோது எண்ணெய் தெறித்தது என்றார் தாய். அப்படியும் ஆகியிருக்கலாம், வேறு வகையில் ஏற்பட்ட சூடாகவும் இருக்கலாம் என்று மருத்துவர் எழுதினார். குழந்தை கையைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லவில்லை. குழு அவளை அம்மையின் தாயிடம் தற்காலிகமாக விட்டு விசாரணைக்கு உத்தரவிட்டது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அந்த விசாரணையை 15 நாட்களுக்குள் முடித்தாக வேண்டும். நான் வரியை அடித்தது பதின்மூன்றாம் நாள்.

நான் ஏன் அப்படிக் கறாராக இருந்தேன் என்பதற்குக் காரணம் உண்டு. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், இன்னொரு பணியாளர் எழுதிய அறிக்கையில், "தாயின் போக்கு சரியில்லை எனத் தோன்றுகிறது" என்று ஒரு வரி இருந்தது. நான் அதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டேன். அந்தத் தாய் இரவு நேரத்தில் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போகிறவர் என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் இல்லை என்பது தெரிய வந்தபோது, அவருடைய பிள்ளை ஒரு பள்ளி ஆண்டின் பெரும்பகுதியை இல்லத்தில் கழித்திருந்தது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கண்டது, கேட்டது, யார் சொன்னது, எத்தனை மணிக்கு. இவற்றைத் தவிர வேறெதுவும் அறிக்கையில் வரக்கூடாது என்று அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்லி வந்தேன். இன்றும் அது தவறான பாடம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் அந்த அறிக்கைக்கான படிவம் 22-இல், குழந்தையைக் குடும்பத்தோடு சேர்த்தால் என்ன ஆபத்து என்று கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே "குறிப்பிடும்படியாக இல்லை" என்று நிரப்பப்பட்டது. கையெழுத்து அவருடையது, சொல் என்னுடையது. குழு தனக்கு முன்னால் இருந்ததை வைத்து முடிவெடுத்தது. குழந்தை தாயிடம் திரும்பியது, மாதம் ஒரு முறை நாங்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. முதல் மாதம் பார்த்தோம், கை ஆறியிருந்தது. இரண்டாம் மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. களியக்காவிளைக்கு அப்பால் எங்கோ வேலை கிடைத்துப் போய்விட்டார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பள்ளியிலிருந்து டி.சி. வாங்கவில்லை. அம்மையின் தாயிடம் ஒரு முகவரி இருந்தது. அதை வைத்துக் கேரளத்துக்கு எழுதினோம். அந்த முகவரியில் அப்படி ஒரு குடும்பம் இல்லை என்று பதில் வந்தது. இதற்குமேல் எனக்குத் தெரிந்தது எதுவும் இல்லை. பிழைப்புக்காக எல்லை தாண்டுகிற குடும்பங்கள் இங்கே எத்தனையோ. இதுவும் அப்படி ஒன்றாக இருக்கலாம். அந்தப் பிள்ளை இப்போது மலையாளத்தில் பாடம் படித்துக்கொண்டு நன்றாகவே இருக்கலாம்.

பதில் கடிதம் வந்த அன்றுதான், அன்றைக்கு எதைப் பார்த்துப் பயந்தாய் என்று அந்தக் களப்பணியாளரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார். தாயோடு வாழ்கிறவர், குழந்தையின் தகப்பன் அல்லர், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். விடியுமுன் போய் வேலை முடித்து வந்தவர், இவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்து வெட்டுக்கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாராம். பால் வெட்டுகிறவர் கத்தி தீட்டுவதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்குமுன் அவரே அதைச் சொல்லிவிட்டு, "தீட்டுற சத்தம் நிக்கும்போ எல்லாம் பிள்ளையும் பேச்ச நிறுத்திச்சு அக்கா" என்றார். "இத ஏன் எழுதல்ல?" என்றேன். "நீங்க பேடி எனக்குன்னு சொன்னியல்லா."

அது கண்டதும் கேட்டதும்தான். என் விதிப்படியே அறிக்கையில் இருந்திருக்க வேண்டிய வாக்கியம். எதனால் பயம் என்று அன்றைக்கே ஒரு சொல் கேட்டிருந்தால் அது தாளில் ஏறியிருக்கும். குழு இன்னும் சில வாரம் பாட்டியிடமே விட்டிருக்கவும் கூடும். இப்படி நினைக்கும்போதே இன்னொன்றும் தோன்றுகிறது. அவர் அதைச் சொன்னது மாதங்கள் கழித்து, குடும்பம் காணாமல் போன பிறகு. சத்தமும் மௌனமும் அவ்வளவு சரியாகப் பொருந்தியது அந்த வீட்டிலா, பின்னால் அவர் நினைவிலா? நான் மேற்பார்வையாளர், இப்படிச் சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம். ஆனாலும் அந்தச் சந்தேகம் எனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதையும் நான் கவனிக்காமல் இல்லை.

அதன்பின் கொஞ்ச காலம், மனதில் பட்டதையும் தனியாக ஒரு தாளில் எழுதித் தாருங்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றுக்குப் போய் வந்த இளைஞர், "தகப்பன் பார்வை சரியில்லை" என்று எழுதித் தந்தார். நானே ஏறிப் போய்ப் பார்த்தேன். அந்த மனிதருக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது, அவ்வளவுதான். அந்தத் தனித்தாள் வழக்கத்தை நான் நிறுத்தச் சொல்லவில்லை, வலியுறுத்தவும் இல்லை. அது தானாக நின்றுபோயிற்று.

அந்தப் பெண் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். இப்போது அவருடைய அறிக்கைகளைத்தான் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மாதிரியாகக் காட்டுகிறோம். ஒரு வரி அடிக்க வேண்டியிருக்காது. போன மாதம் குளச்சல் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு, இருட்டிய பிறகு அலுவலகம் வந்தார். முகம் சரியாக இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, எப்படி இருந்தது, இறங்கி வரும்போது மனசில் என்ன பட்டது, சொல்லு மக்ளே என்றேன்.

"ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் எழுதியிருக்கேன்" என்று கோப்பை மேசைமேல் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.