பணம் கட்டிய பிறகும் வாசலில் நிறுத்தி வைக்கும் கேம்கள்

ஒரு வீடியோ கேமை யாரும் வாங்கவில்லை என்றால் விலைதான் காரணம் என்று விற்பவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பிளேஸ்டேஷன் 5 வந்த பிறகு புதிய கேம் ஒன்றின் விலை இந்தியாவில் 4,999 ரூபாய் வரை போனது உண்மைதான். காரைக்குடியில் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு அது சின்னத் தொகை அல்ல. ஆனால் விலைக்கு ஒரு வழி உண்டு. தள்ளுபடி வரும், ஓராண்டு பொறுத்தால் பல கேம்கள் பாதி விலைக்கே கிடைக்கும். பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு இரவில் கொஞ்ச நேரம் விளையாட உட்காருகிற என் நண்பர்கள், வாங்க எடுத்து வைத்த கேமைப் பணம் கட்டாமலே விட்டுவிடுவது பெரும்பாலும் வேறு காரணங்களுக்காக. அவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தெரியும். அதனாலேயே கேம் செய்கிறவர்கள் அவற்றைத் திருத்த மெனக்கெடுவதில்லை என்று நினைக்கிறேன்.

முதலாவது, கணக்குத் தொல்லை. கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு கேமின் பக்கத்தைத் திறந்தால் வலது ஓரத்தில் சில சமயம் மஞ்சள் நிறக் கட்டம் ஒன்று இருக்கும். இந்த கேமுக்கு வேறொரு நிறுவனத்தின் கணக்கும் தேவை என்றோ, திருட்டுப் பிரதியைத் தடுக்கும் டெனுவோ என்ற காப்பு மென்பொருள் இதில் இருக்கிறது, ஒரே நாளில் ஐந்து கணினிகளுக்கு மேல் இயக்க முடியாது என்றோ அதில் எழுதியிருப்பார்கள். விலையைப் பார்ப்பதற்கு முன் நான் படிப்பது அந்தக் கட்டத்தைத்தான். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேமை ஸ்டீமில் வாங்கினாலும், இயக்கியதும் அதைத் தயாரித்த நிறுவனத்தின் லாஞ்சர், அதாவது கேமைத் தொடங்கி வைக்கும் தனி மென்பொருள், திறந்து, அங்கேயும் ஒரு கணக்கில் நுழையச் சொல்கிறது. தேவகோட்டையில் கல்லூரியில் படிக்கும் என் சித்தப்பா மகன், இப்படிப்பட்ட வேறொரு கேமை வாங்கி, மின்னஞ்சலுக்கு வர வேண்டிய ஆறிலக்க எண்ணுக்காகக் காத்திருந்தான். எண் வந்து சேர்ந்தபோது அதன் காலக்கெடு முடிந்திருந்தது. "அண்ணே, காசும் குடுத்துட்டு இவங்ககிட்ட கெஞ்சணுமாண்ணே?" என்று கேட்டான். அவன் கேள்வி நியாயமானது. 2024 மே மாதத்தில், ஹெல்டைவர்ஸ் 2 கேமைக் கணினியில் விளையாடுவோர் அனைவரும் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கை இணைத்தாக வேண்டும் என்று சோனி அறிவித்தது. அந்தச் சேவையே இல்லாத நாடுகளிலும் அந்த கேம் விற்பனையாகியிருந்தது. விளையாடுகிறவர்கள் எதிர்மறை மதிப்புரைகளை எழுதிக் குவித்த பிறகு, சில நாட்களிலேயே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அற்பமான தொல்லை என்றால் அத்தனை பேர் கொதித்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, தனியாளாக விளையாடும் கேமுக்கும் எந்நேரமும் இணையம் கேட்பது. செட்டிநாட்டில் பழைய கட்டு வீடுகளில் இருப்பவர்களுக்கு இதன் வலி நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் இணைய இணைப்பு முகப்பில் வந்து இறங்குகிறது. கணினி இருப்பது இரண்டாங்கட்டில். நடுவில் பட்டாலை என்ற கூடமும் வளவு என்ற முற்றமும், செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பருத்த சுவர்களும் இருக்கின்றன. வளவுத் தூணருகே ரிப்பீட்டர் ஒன்றைப் பொருத்திய பிறகும் சிக்னல் அவ்வப்போது அறுந்துபோகும். படம் பார்க்கும்போது அது தெரியாது, சில நொடிகளில் சமாளித்துக்கொள்ளும். ஆனால் இவ்வகை கேமில், எதிரில் வேறு மனிதர் யாருமே விளையாடாத நிலையிலும், இணைப்பு துண்டிக்கப்பட்டது என்ற அறிவிப்போடு முகப்புத் திரைக்குத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இது இந்த ஊரின் குறை மட்டுமல்ல. 2013 மார்ச்சில் வெளிவந்த சிம்சிட்டி, தனியாக நகரம் கட்டுகிறவரையும் சர்வரோடு இணைந்திருக்கச் சொன்னது. அந்த சர்வர்கள் கூட்டத்தைத் தாங்காமல் திணறியதால், பணம் கட்டியவர்கள் முதல் சில நாட்கள் உள்ளே நுழையவே திண்டாடினார்கள். இணையமின்றி விளையாடும் வசதி வந்தது 2014 மார்ச்சில், ஓராண்டு கழித்து.

மின்சாரத்தின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடும், அதற்கேற்ப நாளைத் திட்டமிட்டுக்கொள்ளலாம். கோடை மழைக்கு முன் காற்றடிக்கும்போது சொல்லாமல் போகும் மின்சாரம்தான் கேமை அழிக்கிறது. இன்வெர்ட்டர் இருந்தாலும் அது மாறிக்கொள்ளும் அந்தக் கண நேரத்தில் கணினி அணைந்து மீண்டும் எழுகிறது. நினைத்த இடத்தில் சேவ் செய்ய விடும் கேமாக இருந்தால் சில நிமிட உழைப்போடு போகும். செக்பாயிண்ட் என்று அவர்களே குறித்து வைத்த இடத்தை எட்டினால்தான் சேவ் ஆகும் என்ற கேமில் முக்கால் மணி நேரம் போய்விடும். சவாலைக் கூட்டுவதற்காக அப்படி வடிவமைத்தோம் என்று அவர்கள் சொல்லலாம். குழந்தை அழுதால் எழுந்து போக வேண்டியவர், காலையில் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் ஆகியோரை நினைத்துப் பார்த்து எடுத்த முடிவாக அது எனக்குப் படவில்லை. வெளியேறும்போதாவது விட்ட இடத்தைக் குறித்து வைக்கலாம் அல்லவா?

திரையில் ஓடும் எழுத்து பொடியாக இருப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாற்பதைத் தாண்டிய எவரையும் கேட்டால் போதும். அணைக்க முடியாத நிறுவன முத்திரைப் படங்கள் ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் ஓடுவதும் அப்படித்தான்.

வாங்கிய பிறகும் கேமுக்குள் மேலும் காசு கேட்டு உண்டியல் குலுக்குவது மட்டும் தனி வகை. 2006-இல் ஆப்லிவியன் கேமில் குதிரைக்கான கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றபோது அதைக் கேலி செய்தவர்கள் பலர். 2017-இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 முழு விலை வாங்கிக்கொண்டு, உள்ளே என்ன கிடைக்கும் என்று தெரியாத லூட் பெட்டிகளையும் வைத்தது. எதிர்ப்பு வலுத்தது; 2018-இல் பெல்ஜியம் இவ்வகைப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது.

என்னை எல்லாவற்றையும் விட அதிகம் தயங்க வைப்பது, வாங்கியது என்னிடம் நிற்குமா என்ற சந்தேகம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. யாரோ ஒரு செட்டியார் பர்மாவிலிருந்து கொண்டுவந்த பெட்டியை அவர் பேரன் விற்றால், இன்னொருவர் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்கிறார். டிஸ்க்கில் வந்த கேமும் அப்படித்தான் கைமாறியது. நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம், பாதி விலைக்கு விற்கலாம். இன்றைய டிஜிட்டல் கேமை இரண்டும் செய்ய முடியாது. தி க்ரூ என்ற கார்ப் பந்தய கேமின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியதோடு, தனியாக விளையாட நினைத்தவர்களுக்கும் அந்த கேம் இல்லாமல் போய்விட்டது. அதன் பிறகுதான் கேம்களைக் கொல்லாதீர்கள் என்ற இயக்கம் தொடங்கி, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025-இல் பத்து லட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியாவும் 2024-இல் சட்டம் இயற்றியது.

இதை நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து 2023-இல் வெளிவந்த வெண்பா, நம்மவர்கள் பலர் கையில் எடுத்த கேம். அதை விளையாடத் தனிக் கணக்கும் வேண்டாம், லாஞ்சரும் வேண்டாம். 2025 செப்டம்பர் 4 அன்று ஹாலோ நைட் சில்க்சாங் 20 டாலருக்கு வெளிவந்தபோது இணையக் கடைகளே சற்று நேரம் முடங்கும் அளவுக்குக் கூட்டம் முண்டியடித்தது. அதையும் காப்புப் பூட்டு எதுவும் இல்லாமல் ஜிஓஜி என்ற விற்பனைத் தளத்தில் வாங்கி, நிறுவும் கோப்பை நம் ஹார்ட் டிஸ்க்கிலேயே வைத்துக்கொள்ளலாம்.

2025-இல் ஸ்டீமும் ஒரு நல்ல காரியம் செய்தது. நினைத்தபோது சேவ் செய்யலாமா, எழுத்தின் அளவை மாற்றலாமா என்பன போன்ற விவரங்களை, கேம் செய்தவர்கள் நிரப்பிக் கொடுத்தால், விற்பனைப் பக்கத்திலேயே காட்டுகிறது. அவற்றை வைத்துத் தேடவும் முடிகிறது. இப்போது நானும் சித்தப்பா மகனும் முதலில் அங்கேதான் தேடுகிறோம். இணையம் இல்லாமலும் இது கடைசி வரை ஓடும் என்று அதே இடத்தில் ஒரு வரி சேர்த்து எழுதி, சொன்னபடி நடந்துகொள்ளும் நிறுவனத்துக்கு, தள்ளுபடிக்குக் காத்திராமல் முழு விலையும் கொடுக்க எங்கள் பக்கத்தில் ஆள் இருக்கிறது.