வெறும் சதவீதத்தை வைத்து என்ன செய்வது?

அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர் இருக்கலாம் என்ற பேச்சு வந்தாலே எல்லாரும் சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். மாணவர் சேர்க்கைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இதில் பெரிய ஆதங்கம் உண்டு. உள்ளூர் மாணவர் 8,200 பேர், வெளிநாட்டவர் 1,800 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர் பங்கு 18 சதவீதம். அதில் 800 பேரைக் குறைத்தால் பங்கு 11 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஆனால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஓர் இடம்கூட அதிகமாகக் கிடைக்காது.

இடங்கள் அதிகமாக வேண்டுமானால் பணம் வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2019இல் உள்ளூர்க் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து, அப்படியே நிறுத்திவைத்தது. துண்டு விழுந்ததை வெளிநாட்டு மாணவரின் கட்டணத்தை வைத்துத்தான் அரசுக் கல்லூரிகள் சமாளித்தன. 2024இல் கனடாவின் மத்திய அரசு வெளிநாட்டு மாணவருக்கான படிப்பு அனுமதிகளுக்கு உச்சவரம்பு வைத்ததும் பல கல்லூரிகள் பாடப்பிரிவுகளை நிறுத்தின, ஆட்களைக் குறைத்தன. நின்றுபோன பிரிவுகளில் உள்ளூர்ப் பிள்ளைகளும்தானே சேர்ந்திருப்பார்கள்?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2017இல் வெளி மாநிலத்தவர், வெளிநாட்டவர் இருவரையும் சேர்த்து, இளநிலைப் படிப்புகளுக்கு 18 சதவீத வரம்பு வைத்தது. அதை ஏற்கெனவே தாண்டியிருந்த பெர்க்லி போன்ற வளாகங்கள் இருந்த அளவிலேயே நிறுத்தப்பட்டன. 2021இல் மாநில அரசு அங்கும் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. கட்டண இழப்பைத் தானே ஈடுகட்டவும் முன்வந்தது. இதுதான் நேர்மையான வழி. பணம் தராமல் உத்தரவு மட்டும் போடுவதில் என்ன பயன்?

அப்புறம், மொத்தக் கணக்கு துறைகளின் நிலையை மறைத்துவிடுகிறது. சென்ற பருவத்தில் ஒரு முதுநிலை வகுப்பின் பட்டியல் என் மேசைக்கு வந்தது. ஏறக்குறைய எல்லாரும் ஒரே நாட்டிலிருந்து வந்தவர்கள். அதில் ஒரு மாணவி என்னிடமே வந்து கேட்டார்: "இந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து படிக்கலாம் என்றுதான் வந்தேன். அவர்கள் எந்த வகுப்பில் இருக்கிறார்கள்?" உள்ளூர் மாணவரைவிடப் பல மடங்கு கட்டணம் கட்டியவர் அவர். என்னிடம் பதில் இல்லை.

அதனால், வரும் கூட்டத்துக்குத் துறைவாரியாகவே அட்டவணை போடுகிறேன். அரசு மானியம் உள்ள உள்ளூர் இடங்கள் எத்தனை என்பது முதல் பத்தியில், சதவீதமாக இல்லாமல் எண்ணிக்கையாக. அதற்கு மேல் எத்தனை வெளிநாட்டு மாணவருக்கு ஆசிரியரும் விடுதி அறையும் இருக்கின்றன என்பது அடுத்த பத்தியில்.