மாலை நடையும் பெருகும் ஓடையும்

வேலை முடிந்த கையோடு கிளம்பி, மலை ஏரியைப் பார்த்துவிட்டு அன்றிரவே வீடு திரும்பும் நடையை, இந்தக் கோடைத் தொடக்கத்தில் மூன்றாம் முறையாக முயன்று நேற்று நிறைவேற்றினேன். முதல் முறை ஏரியை எட்டவே இல்லை. இரண்டாம் முறை ஏரியைப் பார்த்தேன். ஆனால் திரும்பும் வழியில் ஓடையைக் கடக்க வழி தெரியாமல் அரை மணி நேரம் கரையிலேயே நின்றேன்.

ஒரு வழித் தூரம் 5 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் நடை, அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் என்று ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த விதிப்படி, மேலே செல்ல இரண்டு மணி நேரம் போதும். பகல் முழுவதும் உட்கார்ந்திருந்த கால்களுக்காகவும் தடத்தில் இன்னும் கரையாமல் கிடக்கும் பனித்திட்டுகளுக்காகவும் நான் 20 நிமிடம் கூட்டிக்கொண்டேன். 5 மணிக்குப் புறப்பட்டு 7.20க்கு ஏரிக்கரையில் நின்றபோது அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. முதல் முறை 6.15க்குத்தான் நடக்கத் தொடங்கினேன். சூரியன் மறைவது 8.40க்கு என்றாலும் மேற்கு முகடு பள்ளத்தாக்கின் வெயிலை 7 மணிக்கே மறைத்துவிட்டதால், பாதி ஏற்றத்திலேயே திரும்பினேன். அந்த முடிவில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

ஓடைதான் இந்த நடையின் கடினமான பகுதி. பகல் வெயிலில் உருகும் பனிநீர் சரிவில் இறங்கி வந்து சேரச் சில மணி நேரம் ஆவதால், இத்தகைய ஓடைகளில் நீர்மட்டம் பிற்பகலின் இறுதியிலோ மாலையிலோதான் உச்சத்தை எட்டும். விடியலில் புறப்படுகிறவர்கள் குறைந்த நீரையாவது ஒருமுறை கடப்பார்கள். நமக்கோ போகும்போதே நீர் ஏறத் தொடங்கியிருக்கும், திரும்பும்போது அது இன்னும் ஏறியிருக்கும். இரண்டாம் முறை, 5.40க்குக் கால் நனையாமல் கல்லுக்குக் கல் தாண்டிய இடத்தில், இரவு 8.45க்கு அந்தக் கற்களையே காணவில்லை.

ஆகவே நேற்று ஏறும்போது நீரின் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றி வைத்துவிட்டு, கரையோரமாக மேலே சென்று வேறு கடவு தேடினேன். ஏறத்தாழ 200 மீட்டர் தொலைவில் ஓடை இரண்டாகப் பிரிந்து சரளைப் பரப்பில் அகலமாகப் பாய்கிறது. குறுகிய இடத்தில் நீர் ஆழமாகவும் விசையுடனும் ஓடும். அகன்ற இடத்தில் அதே நீர் பரந்து கணுக்காலளவே நிற்கும். திரும்பி வந்தபோது குச்சி நான்கு விரற்கடை உயரத்துக்கு நீரில் நின்றது. மேற்கடவில் காலணியைக் கழற்றாமல், முதுகுப்பையின் இடுப்புப்பட்டையை அவிழ்த்துவிட்டு, நீர் வரும் திசையை நோக்கி நின்று, கோலை முன்னால் ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்திக் கடந்தேன். நீர் முழங்காலுக்கு மேல் ஏறினால் திரும்பிவிட வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன்; அந்த அளவுக்கு வரவில்லை.

நடைக்கோல் வாங்க நினைப்பவர்கள் திருகி இறுக்கும் வகையைத் தவிர்த்து, நெம்பிப் பூட்டும் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். என் பழைய கோல் இதே ஓடையில் உடல் எடையைப் போட்ட நொடியில் உள்ளே சரிந்தது. தலைவிளக்கைப் பொறுத்தவரை, தேவைப்படும்வரை எரிக்காமல் இருப்பதே நல்லது. கண் இருளுக்கு நன்கு பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், ஒரு வெள்ளை ஒளி அதைக் கெடுத்துவிடும். முழுநிலவு நாளில் விளக்கே இல்லாமல் இறங்கலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் கோடையில் முழுநிலவு வானில் தாழ்வாகவே நகர்வதால் முகடு அதை மறைத்துவிடும். அத்திட்டத்தை இலையுதிர் காலத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

ஏரியில் 20 நிமிடம்தான் இருந்தேன். நடுப்பகுதியில் சாம்பல் நிறப் பனிக்கட்டி இன்னும் மிதந்தது. கரையோரப் பனி, படிகங்கள் ஒட்டியிருந்த எல்லைகள் வெயிலில் உருகியதால், செங்குத்தான மெல்லிய குச்சிகளாகப் பிரிந்து கிடந்தது. சிற்றலை வந்து தொடும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று உரசிக் கண்ணாடி வளையல்களைப் போல ஒலித்தன. கைப்பிடி அளவு எடுத்தேன். விரல் பட்டதும் கட்டு அவிழ்ந்ததுபோல உதிர்ந்தன. அந்த ஒலிக்காகவே மூன்று மாலைகளையும் தந்திருப்பேன்.

ஏரியைச் சுற்றி வருவது இன்னும் பாக்கி. அடுத்த வாரம் மேகமூட்டமான ஒரு மாலையில் அதே இடத்தில் குச்சியை ஊன்றி, வெயில் குறைந்த நாளில் ஓடை எத்தனை விரற்கடை ஏறுகிறது என்று அளந்துவிட்டு, அதன் பிறகு சுற்றுவழிக்கு நேரம் வகுப்பேன்.