சாயங்காலம் மட்டும் ரீஸ்டார்ட் ஆன கம்ப்யூட்டர்

போன கோடையில் மூன்று வாரம் என் கேமிங் கம்ப்யூட்டர் என்னைப் படுத்தி எடுத்தது. ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் திரை கறுத்துவிடும், அடுத்த நொடி மதர்போர்டு லோகோ வந்து நிற்கும். நீலத் திரையும் வராது, எரர் செய்தியும் வராது. படம் பார்த்தாலோ ப்ரௌசரில் வேலை செய்தாலோ ஒன்றும் ஆகாது. ஆட்டத்தில் மட்டும்தான்.

2021-இல் காசு சேர்த்துச் சேர்த்து வாங்கிய மெஷின் அது. ரைசன் 5 5600எக்ஸ், ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ, 16 ஜிபி ராம், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்டை மாற்றி உள்ளே இருக்கும் பாகங்களுக்குக் கொடுக்கும் பெட்டி). எங்கள் வீடு கடலூரில், சில்வர் பீச்சுக்குப் போகும் வழியில் இருக்கிறது. உப்புக் காற்றில் இரும்பு ஜன்னலே இரண்டு வருஷத்தில் துருப்பிடிக்கும் ஊர். அதனால் முதல் சந்தேகம் தூசி மேல்தான் போனது. இங்கே படியும் தூசி ஈரத்தோடு பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், ஊதினால் போகாது. ஃபேன்களைக் கழற்றி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன், ப்ராசஸருக்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் புதிதாக வைத்தேன். ஆட்டத்தின்போது சூடு 70 டிகிரியைத் தாண்டவில்லை. ஆனாலும் ரீஸ்டார்ட் நிற்கவில்லை.

அப்புறம்தான் கம்ப்யூட்டரில் நடப்பதைப் பதிவு செய்து வைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் 'கெர்னல்-பவர் 41' என்று பதிவாகியிருந்தது. கம்ப்யூட்டர் முறையாக அணையாமல் நின்றுபோனது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. ஆனால் அதன் விவரத்தில், பிழையின் எண் வர வேண்டிய 'பக்செக் கோட்' என்ற இடத்தில் 0 இருந்தது. விண்டோஸ் நொறுங்கும்போது விவரத்தைச் சேமிக்கும் மினிடம்ப் ஃபோல்டரும் காலி. டிரைவரோ ராமோ தகராறு செய்தால் பெரும்பாலும் விண்டோஸ் ஒரு எரர் எண்ணையாவது எழுதி வைத்துவிடும். எழுதுவதற்குக்கூட நேரமில்லாமல் நின்றிருக்கிறது என்றால், கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும். எனக்கு அது அன்றைக்கு உறைக்கவில்லை. ராத்திரி முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை. கிராபிக்ஸ் டிரைவரைச் சுத்தமாக நீக்கி மறுபடி போட்டேன். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்றார்கள்.

மனசு கேட்கவில்லை. மறுநாள் மதியம் கிராபிக்ஸ் கார்டைச் சோதிக்கும் ஃபர்மார்க்கைப் போட்டு ஒரு மணி நேரம் கார்டை முழு லோடில் ஓட்டினேன். அசையவே இல்லை. மதியம் இவ்வளவு தாங்குகிற கார்டு சாயங்காலம் மட்டும் ஏன் சாக வேண்டும்?

பதில் சொன்னவன் என் தம்பி. அதே அறையில் படித்துக்கொண்டிருப்பவன். நான் ஹெட்ஃபோன் போட்டிருப்பதால் என் காதில் விழாத ஒன்று அவன் காதில் விழுந்திருக்கிறது. "அண்ணா, மேஜைக்குக் கீழ இருக்கிற யூபிஎஸ் டக்குனு சத்தம் போடும். உடனே உன் ஆட்டம் போயிடும். தினமும் அப்படித்தான்" என்றான்.

அன்று சாயங்காலம் தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு பிளக்கில் மீட்டர் வைக்கச் சொன்னேன். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 186 காட்டியது. மறுநாள் மதியம் அதே பிளக்கில் 227. தெரு முழுக்க ஏசி ஓடத் தொடங்கும் ஏழு, எட்டு மணிக்கு வோல்டேஜ் இறங்குகிறது. இறங்கினால் யூபிஎஸ்ஸுக்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் மாறி வோல்டேஜைத் தூக்கிவிடும். அந்தச் சத்தம்தான் 'டக்'. ரிலே மாறும் சில மில்லி வினாடிகள் கரண்ட் இருக்காது. அந்த இடைவெளியை எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் கெப்பாசிட்டர்தான் சேர்த்து வைத்ததைக் கொடுத்துச் சமாளிக்க வேண்டும். படம் பார்க்கும்போது இழுப்பு குறைவு, தாங்கிவிடும். ஆட்டத்தில் இழுப்பு அதிகம், வயதான கெப்பாசிட்டர் அதற்குள் காலியாகிவிடும். போதாததற்கு என் யூபிஎஸ் 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்), உண்மையில் தரக்கூடியது 360 வாட்தான். ஆட்டத்தில் என் மெஷின் கிட்டத்தட்ட அந்த எல்லை வரை போகும்.

ஊகத்தை நம்பிச் செலவு செய்ய எனக்கு விருப்பமில்லை. முதலில் யூபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகி நான்கு சாயங்காலம் ஆடினேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. அப்புறம் பஸ் ஏறி அரியாங்குப்பத்தில் இருக்கும் நண்பனிடம் போய் அவனுடைய புது எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி வந்து, பழைய யூபிஎஸ் வழியாகவே ஓட்டினேன். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஏழேகாலுக்கு 'டக்'. ஆட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. தம்பி புத்தகத்தை மூடிவிட்டு ஓடி வந்து பார்த்தான்.

என் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஐந்து வருஷ வாரன்டி இருந்தது. பில்லைத் தேடி எடுத்து அனுப்பினேன், பன்னிரண்டு நாளில் புதியது வந்தது. 1100 விஏ யூபிஎஸ் ஒன்றும் வாங்கினேன். பழையது இப்போது மோடத்துக்கும் மானிட்டருக்கும் மட்டும். வாங்கும்போது விஏ எண்ணைப் பார்க்காமல், பக்கத்தில் சின்னதாகப் போட்டிருக்கும் வாட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் மெஷினும் இப்படி எரர் எதுவும் காட்டாமல் நின்றால், கார்டை மாற்றும் முன் ஒரு வாரம் எத்தனை மணிக்கு நிற்கிறது என்று குறித்து வையுங்கள். நான் குறித்திருந்தால் முதல் வாரத்திலேயே பிடித்திருப்பேன்.