ஏஐ வரலாறு பேப்பர்: அரியர் கிளியர் பண்ண எனக்கு உதவினது ஒரு நோட்டுதான்

நேத்து சாயங்காலம் ரிசல்ட் வந்துச்சு, பாஸ். போன செமஸ்டர்ல இதே எலெக்டிவ்ல அரியர், வீட்ல சொல்லக்கூட முடியாம இருந்தேன், அதனால இப்போ எவ்ளோ நிம்மதின்னு சொல்லத் தெரியல. ஜூனியர்ஸ் கேட்டதால சூட்டோட சூடா எழுதிடறேன்.

முதல் தடவை வருஷத்த மட்டும் உருப்போட்டேன். 1943 மெக்கல்லக் பிட்ஸ் நியூரான் மாடல், 1950 டூரிங் கட்டுரை, 1956ல ஏஐங்கிற துறையே ஆரம்பிச்ச டார்ட்மவுத் கூட்டம், எல்லாம் தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். ஆனா 16 மார்க்ல "1970கள்ல ஏஐ ஆராய்ச்சிக்கு பணம் ஏன் குறைஞ்சுது"ன்னு கேட்டாங்க, ஏஐ ஆராய்ச்சிய விமர்சிச்சு பிரிட்டன்ல வந்த 1973 லைட்ஹில் அறிக்கைன்னு ஒரு வரி எழுதினேன், அதுக்கப்புறம் பேனா நகரல.

ரெண்டாவது தடவை ஒரு நோட்ல நடுவுல கோடு போட்டேன். இடது பக்கம் ஆராய்ச்சியாளருங்க சொன்னது, வலது பக்கம் மெஷின் நிஜமா செஞ்சது. முழு யூனிட்டும் இதுலயே அடங்கிடுச்சு.

1954 ஜார்ஜ்டவுன் ஐபிஎம் டெமோவ எடுத்துக்கோங்க. மூணு இல்ல அஞ்சு வருஷத்துல மொழிபெயர்ப்பு மெஷின் வந்துடும்னு சொன்னாங்க, காட்டினது 250 வார்த்தை, 6 இலக்கண விதி, அதுக்கேத்த மாதிரி எடுத்த ரஷ்ய வாக்கியங்கள். 1966ல மெஷின் மொழிபெயர்ப்ப ஆராய்ஞ்ச அமெரிக்க கமிட்டியோட அல்பாக் (ALPAC) அறிக்கை வந்ததும் அமெரிக்க அரசு பணம் வத்திப்போச்சு.

பெர்செப்ட்ரான, அதாவது ரோசன்பிளாட் உருவாக்கின ஆரம்பகால நியூரல் நெட்வொர்க்க, கண்டிப்பா நல்லா படிங்க. 1958ல அது நடக்கும், பேசும், தன்னையே உணரும்னு அமெரிக்க கடற்படை எதிர்பார்க்குதுன்னு பேப்பர்ல செய்தி. அன்னைக்கு ஐபிஎம் 704 கம்ப்யூட்டர்ல அது செஞ்சது என்னன்னா, 50 தடவை பார்த்து கார்டுல குறி இடது பக்கமா வலது பக்கமான்னு பிரிச்சுது, அவ்ளோதான், ஆனா யாரும் விதி எழுதிக் குடுக்காம தானா கத்துக்கிச்சு பாருங்க, அதுதான் பெரிய விஷயம். 1969ல மின்ஸ்கியும் பேப்பர்ட்டும் ஒரே லேயர் இருந்தா எக்ஸ்ஓஆர் (XOR, ரெண்டுல ஒண்ணு மட்டும் சரியா இருந்தா 'சரி'ன்னு சொல்ற கணக்கு) வராதுன்னு காட்டினாங்க. பல லேயருக்கும் அதையே நிரூபிச்சாங்கன்னு எழுதிடாதீங்க, மார்க் போயிடும். ரோசன்பிளாட் 1971ல தன்னோட 43வது பிறந்தநாள் அன்னைக்கு படகு விபத்துல இறந்துட்டார், நியூரல் நெட்வொர்க் திரும்பி வந்தத அவர் பார்க்கவே இல்ல. அத படிச்ச ராத்திரி வேற எதுவும் படிக்க முடியல.

மத்தது சுருக்கமா:
- டார்ட்மவுத்: கூட்டத்துக்கு கேட்டது 13,500 டாலர், கிடைச்சது 7,500. ப்ரபோசல் 1955, கூடினது 1956, குழப்பிக்காதீங்க.
- தேற்றங்கள நிரூபிக்கிற ப்ரோக்ராமான லாஜிக் தியரிஸ்ட் டார்ட்மவுத்ல பிறக்கல, நியூவெல், சைமன், ஷா முன்னாடியே ஆரம்பிச்சிட்டாங்க. பிரின்சிபியா மேதமேட்டிகா புத்தகத்துல ஒரு அத்தியாயத்தோட முதல் 52 தேற்றத்துல 38ஐ அது நிரூபிச்சுது.
- எலிசா (பேசற ப்ரோக்ராம்), ஷேக்கி (நகர்ற ரோபோ): 5 மார்க் அளவுக்கு போதும்.
- லைட்ஹில்னா காம்பினேட்டோரியல் எக்ஸ்ப்ளோஷன் கட்டாயம் வரணும். சின்ன கணக்குல ஓடின தேடல், கணக்கு பெருசானா பாதைங்க பெருகிப் பெருகி மெஷின் திணறிடும்.

எனக்கு குரூப் ஸ்டடி ஒத்து வராது, நோட்ட தனியா உட்கார்ந்து கையாலதான் எழுதினேன், பதினோரு பக்கம் வந்துச்சு. இந்த தடவை பெர்செப்ட்ரான்தான் 16 மார்க். வலது பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு எழுதினேன், அடிஷனல் ஷீட் வாங்கினேன்.